இடைக்காலப் போர்ப்படங்களில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு சினிமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாள், குதிரை, கோட்டை முற்றுகை என்று வரும் படங்கள் எனக்கு உயிர். ஒரு படம் முடிந்ததும் அந்தப் போரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்து, இப்போது படம் பார்க்கும் நேரத்தைவிடப் படிக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படங்களின் முடிவுகளும் வரும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் அந்தந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

300, கிளாடியேட்டர் எல்லாம் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை?

அவை பழைய கிரேக்க, ரோமானியக் காலத்துக் கதைகள். ஐரோப்பாவில் இடைக்காலம் என்றால் தோராயமாக 500 முதல் 1500 வரை. ஜப்பானுக்கு மட்டும் இன்னும் நூறு வருடம் சேர்த்துக்கொள்கிறேன், அங்கே பிரபுக்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட காலம் 16ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஓடியது.

ப்ரேவ்ஹார்ட் எனக்கு ரொம்பப் பிடித்த படம். அதில் வரலாறே இல்லை என்கிறார்களே, அவ்வளவு மோசமா?

தப்புகள் நிறைய. ஆனால் எல்லாத் தப்புக்கும் ஒரே எடை கிடையாது.

சின்னவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஸ்காட்லாந்து வீரர்கள் கட்டியிருக்கும் கட்டம்போட்ட துணி, நாயகன் வில்லியம் வாலஸ் (ஆங்கிலேயரை எதிர்த்த ஸ்காட்லாந்து வீரர்) இறந்து கிட்டத்தட்ட 300 வருடம் கழித்து வந்த உடை. முகத்தில் நீலம் பூசுவது அதற்கு நேர் எதிர்த்திசையில் பிசகுகிறது. அது ரோமானியர்கள் எழுதிவைத்த பழைய பிரிட்டன் பழங்குடிகளின் வழக்கம், வாலஸுக்கு ஆயிரம் வருடத்துக்கும் முந்தையது. இளவரசி இசபெல்லாவோடு வரும் காதலுக்கு இடமே இல்லை: வாலஸ் கொல்லப்பட்டது 1305 ஆகஸ்ட் 23, அப்போது அந்தப் பெண் பிரான்சில் சுமார் பத்து வயதுக் குழந்தை, கல்யாணமாகி இங்கிலாந்து வந்தது 1308இல்தான். வாலஸின் பிள்ளை என்று படம் சாடை காட்டும் அவள் மகன் மூன்றாம் எட்வர்ட் பிறந்தது 1312, வாலஸ் இறந்து ஏழு வருடம் கழித்து. படத்தில் வாலஸும் கிழட்டு ஆங்கிலேய ராஜாவும் ஒரே நேரத்தில் சாகிறார்கள், உண்மையில் முதலாம் எட்வர்ட் இன்னும் இரண்டு வருடம் இருந்து 1307இல் ஸ்காட்லாந்தை நோக்கிப் படையோடு போகும் வழியில்தான் இறந்தார். புதுப்பெண்ணின் முதல் இரவு பிரபுவுக்கு உரிமை என்ற சட்டமும் கதைக்காகச் சேர்த்தது, ஸ்காட்லாந்தில் அப்படி ஒன்று அமலில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

இதெல்லாம் போகட்டும், என்னால் மன்னிக்க முடிகிறது. மன்னிக்க முடியாதது பாலம்.

1297 செப்டம்பர் 11ஆம் தேதி நடந்த அந்தச் சண்டையின் பெயரே ஸ்டெர்லிங் பாலப் போர். படத்தில் பாலமே இல்லை, திறந்த புல்வெளியில் இரண்டு படைகளும் ஓடிவந்து மோதிக்கொள்கின்றன. நிஜத்தில் ஃபோர்த் ஆற்றின் மேல் ஒரு குறுகலான மரப்பாலம், ஒரு நேரத்தில் இரண்டு குதிரைதான் பக்கத்தில் பக்கத்தில் போக முடியும். இந்தப் பக்கம் ஆங்கிலேயப் படை, அந்தப் பக்கம் சதுப்பு நிலம், அதற்கு மேலே குன்றில் வாலஸும் அவருக்குச் சமமான தளபதி ஆண்ட்ரூ மோரேயும் காத்திருக்கிறார்கள். ஆங்கிலேயத் தளபதியான சர்ரே கோமகன் அன்று காலையில் தூங்கிவிட்டார். முதலில் பாலத்தைக் கடந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி அனுப்பினார்கள். பக்கத்தில் ஆழமில்லாத துறை ஒன்று இருக்கிறது, அதன் வழியாகச் சுற்றிப் போய்த் தாக்கலாம் என்று ஒருவர் சொன்னதையும் கேட்கவில்லை. கஜானாவைப் பார்த்துக்கொண்ட கிரெசிங்ஹாம், ஒவ்வொரு நாள் தாமதமும் செலவு என்று அவசரப்படுத்தினார். வாலஸும் மோரேயும், எவ்வளவு பேர் கடந்தால் தங்களால் சமாளிக்க முடியுமோ அவ்வளவு பேர் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு இறங்கி வந்து பாலத்தின் முனையை அடைத்துவிட்டார்கள். கடந்தவர்கள் சதுப்பிலும் ஆற்றிலும் மாட்டிக்கொள்ள, மீதிப் படை எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிரெசிங்ஹாம் அங்கேயே செத்தார்.

பாலத்தை எடுத்துவிட்டால் இதில் எதுவும் மிஞ்சாது. எத்தனை பேரைக் கடக்க விடுவது என்று எண்ணிக்கொண்டு குன்றின் மேல் நின்ற இரண்டு மனிதர்களின் புத்தி அப்படியே காணாமல் போய், வாலஸ் நன்றாகக் கத்தக்கூடிய, துணிச்சலான ஆள் மட்டும் ஆகிவிடுகிறார். மோரே படத்திலேயே இல்லை. அந்தப் போரில் பட்ட காயத்தால்தான் மோரே இறந்தார் என்பது என் மனதை இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போருக்கு ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 11ஆம் தேதி, மோரே, வாலஸ் இருவர் பெயரிலும் ஜெர்மனியின் லூபெக், ஹாம்பர்க் நகர வணிகர்களுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. ஸ்காட்லாந்தின் துறைமுகங்கள் திறந்துவிட்டன, வியாபாரத்துக்கு வரலாம் என்பதுதான் அதன் சாரம். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. அதிலுள்ள முத்திரையில் 'ஆலன் மகன் வில்லியம்' என்று இருப்பதால்தான் அவர் அப்பா பெயர் நமக்கு உறுதியாகத் தெரிகிறது (படத்தில் மால்கம் என்று வரும்). போரில் ஜெயித்த கையோடு ஏற்றுமதியைப் பற்றி யோசித்த ஆள் அவர். அந்த வாலஸை நான் திரையில் பார்க்கவே இல்லை.

அப்போ ப்ரேவ்ஹார்ட் பார்க்கவே கூடாதா?

பாருங்கள். நானும் பார்ப்பேன். பார்த்தபிறகு ஸ்டெர்லிங் பாலத்தைப் பற்றி ஒரு பத்து நிமிடம் படித்துவிடுங்கள், அது போதும்.

அவுட்லா கிங் அதே காலம்தானே, அது பரவாயில்லையா?

2018இல் வந்த படம், ஸ்காட்லாந்து ராஜாவான ராபர்ட் புரூஸின் கதை. ப்ரேவ்ஹார்ட்டைவிட எவ்வளவோ மேல். முதல் காட்சியிலேயே ஸ்டெர்லிங் கோட்டை முன்னால் பிரம்மாண்டமான கல்லெறி பொறி ஒன்று நிற்கும். அது உண்மை, பெயர் 'போர் ஓநாய்'. 1304இல் எட்வர்ட் அதைச் செய்வதற்காகத் தேவாலயக் கூரைகளிலிருந்த ஈயத்தைக்கூட உரித்தெடுத்தார். பொறி தயாராகும்போது கோட்டைக்குள் இருந்தவர்கள் சரணடைய முன்வந்தார்கள், ராஜா மறுத்துவிட்டு, முதலில் ஓநாய் அடித்துப் பார்க்கட்டும், அதுவரை யாரும் வெளியே வரக்கூடாது என்றார். அவ்வளவு பணம் போட்டுச் செய்ததை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை.

கடைசியில் வரும் லவுடன் குன்றுப் போரும் (1307 மே) அடிப்படையில் சரி. புரூஸிடம் ஆள் குறைவு, அதனால் இரண்டு பக்கமும் சதுப்பாக இருந்த இடத்தைத் தேடி எடுத்து, குறுக்கே பள்ளம் வெட்டி, வரும் குதிரைப்படையை ஒரு சந்துக்குள் நெருக்கினார். படம் இந்த யோசனையைக் காட்டுகிறது, அதற்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் இளவரசர் எட்வர்ட் அங்கே வந்து புரூஸோடு சேற்றில் ஒற்றைக்கு ஒற்றை புரள்வது கற்பனை. அன்று எதிர்ப்படையை நடத்தியது எமர் டி வாலன்ஸ்தான். படத்தில் அப்பா எட்வர்ட் அந்தப் போருக்கு முன்பே இறந்துவிடுவார், நிஜத்தில் இரண்டு மாதம் கழித்து ஜூலையில்தான்.

கூண்டில் அடைக்கப்பட்ட பெண்ணைப் பற்றியும் கேட்பார்கள். படத்தில் புரூஸின் மனைவி எலிசபெத்தைக் கூண்டில் வைப்பார்கள். அவளுடைய அப்பா அயர்லாந்தில் பெரிய கோமகன், எட்வர்டின் ஆள், அதனால் அவளைக் காவலில் மட்டும் வைத்தார்கள். நிஜமாகக் கூண்டில் அடைபட்டது புரூஸின் தங்கை மேரியும், புரூஸுக்கு முடிசூட்டும் சடங்கைச் செய்த பக்கன் சீமாட்டி இசபெல்லாவும். அந்தச் சீமாட்டியின் கணவர் எதிர்க்கட்சி. அப்படியிருந்தும், முடிசூட்டும் உரிமை தன் பிறந்த வீட்டுக்கு உண்டு என்று கிளம்பி வந்து செய்தாள். அந்தத் தண்டனையைக் கதாநாயகியிடம் கொடுத்துவிட்டதால் சீமாட்டியின் கதை யாருக்கும் தெரியாமல் போகிறது.

கிங்டம் ஆஃப் ஹெவன் எந்த அளவுக்கு உண்மை?

ஜெருசலேமைக் கிறிஸ்தவச் சிலுவைப் படையிடமிருந்து சுல்தான் சலாஹுத்தீன் பிடித்த கதை இது. முதலில் ஒரு வேண்டுகோள்: பார்ப்பதானால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இயக்குநர் பதிப்பைப் பாருங்கள். 2005இல் தியேட்டருக்கு வந்ததில் ஜெருசலேம் இளவரசி சிபில்லாவின் சின்னப் பையன், ஐந்தாம் பால்ட்வின், முழுக்க வெட்டப்பட்டுவிட்டான். அவன் இல்லாமல் அவள் ஏன் அப்படி உடைந்துபோகிறாள் என்றே புரியாது.

இப்போது நாயகன் பாலியன். படத்தில் பிரான்சிலிருந்து வந்த கொல்லன், ஒரு பிரபுவின் முறைதவறிய மகன். உண்மையான இபெலின் பாலியன் அந்த மண்ணிலேயே பெரிய குடும்பத்தில் பிறந்தவர், முன்னாள் ராணி மரியா கொம்னேனாவின் கணவர். சிபில்லாவோடு காதல் கிடையாது. சிபில்லா தன் கணவன் கய் மேல் கடைசிவரை பிடிப்போடு இருந்தவள், எல்லோரும் எதிர்த்தும் அவனை ராஜாவாக்கியவள் அவளே. தொழுநோய் பிடித்த ஜெருசலேம் ராஜா நான்காம் பால்ட்வின் நிஜம், அந்த உடம்போடு போருக்குப் போனதும் நிஜம், வெள்ளி முகமூடிக்கு ஆதாரம் இல்லை.

தண்ணீர்க் கோப்பைக் காட்சி நினைவிருக்கிறதா? ஹத்தீன் போர் முடிந்து, பிடிபட்ட கய்க்கு சலாஹுத்தீன் குளிர்ந்த பானம் கொடுக்கிறார், கய் அதைச் சிலுவைப்படைப் பிரபு ரெய்னால்டிடம் நீட்டுகிறார், 'அவனுக்கு நான் கொடுக்கவில்லை' என்கிறார் சலாஹுத்தீன். விருந்தோம்பல் வழக்கப்படி தன் கையால் தண்ணீர் கொடுத்தால் அவனைக் கொல்லக்கூடாது. அந்த வழக்கத்தை மீறாமல் ரெய்னால்டை வெட்டுகிறார். இது அக்காலக் குறிப்புகளில் உள்ளபடியே எடுத்தது.

ஹத்தீன் போரைப் படம் காட்டவில்லை, படை போவதையும் பிறகு பிணங்களையும் மட்டும் காட்டுகிறது. பலர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது சரியாகவே பட்டது, ஏனென்றால் அந்தப் போர் தாகத்தில் தோற்ற போர். 1187 ஜூலை, கொளுத்தும் வெயில். சிலுவைப் படை ஸஃபூரியாவில் ஊற்றுகளின் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. அவர்களை வெளியே இழுக்கவே சலாஹுத்தீன் திபேரியாஸ் ஊரை முற்றுகையிட்டார். அந்தக் கோட்டைக்குள் இருந்தது திரிப்போலி கோமகன் ரேமண்டின் மனைவி எஷிவா. அந்த ரேமண்டே எழுந்து, என் மனைவி போனாலும் பரவாயில்லை, தண்ணீரை விட்டு நகராதீர்கள் என்று சபையில் சொன்னார். முதலில் ராஜா கய் ஒத்துக்கொண்டார், ராத்திரியில் யாரோ மனசை மாற்ற, காலையில் படை கிளம்பியது. அடுத்த நாள் ஜூலை 4, காய்ந்த புல்லில் எதிரிகள் தீ வைத்த புகைக்கு நடுவே, ஏரி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, நாக்கு வறண்டு அழிந்தார்கள்.

ஜெருசலேம் முற்றுகையில் பாலியன் செய்தது படத்தைவிடச் சிக்கலானது. அவர் அங்கே சண்டை போட வரவே இல்லை. மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஒரே ஒரு இரவுதான் தங்குவேன் என்று சலாஹுத்தீனிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு உள்ளே வந்தார். நகரத்து மக்கள் போகாதே என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் சலாஹுத்தீனுக்கே தகவல் அனுப்பி, சத்தியத்திலிருந்து விடுவிக்கக் கேட்டார். சலாஹுத்தீன் விடுவித்ததோடு, பாலியனின் மனைவியைப் பத்திரமாக அனுப்பக் காவலும் கொடுத்தார். எதிரிக்கு எதிரி இப்படி நடந்துகொண்ட கதை கையில் இருக்கும்போது கொல்லன் கதை எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம் பேச்சுவார்த்தை. படத்து பாலியனும் புனிதத் தலங்களை எரிப்பேன் என்பார், ஆனால் உயர்ந்த வார்த்தைகளில். நிஜ பாலியன், நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொன்றுவிட்டு, முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தையும் இடித்துவிட்டுத்தான் சாவோம் என்று மிரட்டினார். கடைசியில் ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என்று மீட்புத்தொகை பேசி, கொடுக்க வழியில்லாத ஏழைகள் 7,000 பேருக்கு மொத்தமாக 30,000 தினார் கட்டி வெளியே எடுத்தார்கள். அதற்கும் மேல் பணமில்லாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் போனார்கள், படத்தில் அது வரவில்லை. ஆனாலும் சலாஹுத்தீனை மரியாதையோடு, முழு மனிதராகக் காட்டிய பெரிய ஹாலிவுட் படம் அது, சிரிய நடிகர் கஸ்ஸான் மசூத் நடிப்புக்காகவே இரண்டாம் தடவை பார்க்கலாம்.

கவசம் போட்டவர் கீழே விழுந்தால் எழுந்திருக்க முடியாதாமே?

தவறான கதை. 1944இல் வந்த ஹென்றி V படத்தில் ஒரு வீரரை உருளை கட்டித் தூக்கிக் குதிரை மேல் இறக்குவார்கள், அந்தக் காட்சிக்கும் இதில் பங்கு உண்டு. 15ஆம் நூற்றாண்டுத் தகட்டுக் கவசம் முழுவதும் சேர்த்து 20 முதல் 25 கிலோ, அதுவும் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், ஒரே இடத்தில் அழுத்தாது. பூசிகோ என்ற பிரெஞ்சு தளபதி கவசத்தோடு குட்டிக்கரணம் அடிப்பார், ஏணியின் அடிப்பக்கத்தில் கையாலேயே தொங்கி ஏறுவார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அவர் ஆங்கிலேயரோடு நடந்த அஜின்கோர் போரில் (1415) கைதாகி, இங்கிலாந்துச் சிறையிலேயே இறந்தார்.

ஒரே வீச்சில் கவசத்தோடு சேர்த்து வெட்டுகிறார்களே?

முடியாது. முடிந்திருந்தால் ஒரு வீட்டின் விலை கொடுத்து யாரும் கவசம் வாங்கியிருக்க மாட்டார்கள். வாளின் வெட்டை இரும்பு வளையங்கள் கோத்த சட்டையே தடுத்துவிடும், தகட்டின் மேல் வாள் வழுக்கும். அதனால்தான் சுத்தியல், கோடரி எல்லாம் வந்தது. வாளையே நடுவில் பிடித்து, அக்குளிலும் முகமூடி இடுக்கிலும் குத்துவார்கள், கடைசியில் கீழே தள்ளி மேலே உட்கார்ந்து குத்துவாளால் முடிப்பார்கள். மல்யுத்தத்துக்குப் பக்கத்தில் வரும் சண்டை அது.

நாயகர்கள் ஏன் எப்போதும் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுகிறார்கள்?

நடிகரின் முகம் தெரிய வேண்டும், வேறு காரணமே இல்லை. தி லாஸ்ட் டூயல் (2021) கவனமாக எடுத்த படம், 1386 டிசம்பர் 29 அன்று பிரெஞ்சு ராஜாவின் முன்னால் நடந்த நிஜமான நீதிப்போரை (வழக்கைச் சண்டை போட்டே தீர்ப்பது) பற்றியது, புருஷன் தோற்றால் புகார் சொன்ன மனைவியை எரித்துவிடுவார்கள். அந்தப் படத்திலேயே பாதி முகம் மட்டும் மூடும் தலைக்கவசம் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்து மாட்டிவிட்டார்கள்.

முகத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னாளில் இங்கிலாந்து ராஜாவான ஐந்தாம் ஹென்றியே சாட்சி. 1403இல், 16 வயதில், ஷ்ரூஸ்பரி போரில் அவர் முகத்தில் அம்பு இறங்கியது. தண்டு கழன்று வந்துவிட்டது, முனை எலும்பில் ஆறு அங்குல ஆழத்தில் நின்றது. ஜான் பிராட்மோர் என்ற வைத்தியர், இதற்கென்றே ஒரு குறடு வடிவமைத்து, காயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, தேன் தடவி, முனையை வெளியே எடுத்தார். எப்படிச் செய்தார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது நம் கன்னம் கூசும்.

தீ அம்புகள்? வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டளைக்குக் காத்திருப்பது?

தீ அம்பு இருந்தது, ஆனால் கூரையையும் கப்பலையும் கொளுத்துவதற்கு. திறந்தவெளிப் போரில் அதனால் லாபமில்லை, முனையில் சுற்றிய துணி அம்பின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இழுத்துப் பிடிப்பதைப் பற்றி: 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற கப்பலை 1982இல் வெளியே எடுத்தார்கள், அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நீள்விற்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க 45 கிலோ முதல் 80 கிலோ வரை பலம் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதை இழுத்தவுடன் விட வேண்டும், பிடித்துக்கொண்டு வசனம் கேட்க முடியாது. ஆங்கிலப் படங்களில் அம்புக்கும் 'ஃபயர்' என்றே கத்துவார்கள், அது துப்பாக்கி வந்தபிறகு வந்த சொல். நமக்குத் தமிழில் இந்தக் குழப்பமே இல்லை: அம்பை எய்கிறோம், துப்பாக்கியால் சுடுகிறோம்.

அஜின்கோர் போரை எந்தப் படம் சரியாகக் காட்டியது?

சேற்றைக் கேட்டால் தி கிங் (2019). 1415 அக்டோபர் 25, முந்தைய இரவு முழுக்க மழை, புதிதாக உழுத வயல், இரண்டு பக்கமும் காடு. பிரெஞ்சு வீரர்கள் அந்தச் சேற்றில் கவசத்தோடு நடந்து வந்து, முன்னே போகப் போகக் காடு நெருக்க, பின்னால் வருபவர்கள் தள்ள, கையைத் தூக்கி ஆயுதம் வீசக்கூட இடமில்லாமல் நெரிந்தார்கள். விழுந்தவன் மேல் அடுத்தவன் விழுந்தான். அந்த மூச்சுமுட்டலைத் தி கிங் பிடித்துவிட்டது. ஆனால் போர்த்திட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஃபால்ஸ்டாஃப் நாடகத்துக்காகப் பிறந்த பாத்திரம், சேற்றில் வழுக்கி விழும் பிரெஞ்சு இளவரசர் அன்று அங்கே இல்லவே இல்லை.

1944இல் வந்த ஹென்றி V படம் இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது இங்கிலாந்து மக்களுக்குத் தெம்பு கொடுக்க எடுத்தது, அதனால் வெயிலில் மின்னும் புல்வெளி. கைதிகளைக் கொல்ல ஹென்றி போட்ட உத்தரவு அதில் வராது. அதுதான் அந்த நாளின் மிகக் கொடூரமான பகுதி, பின்னால் இன்னொரு தாக்குதல் வருகிறது என்ற பயத்தில் போட்ட உத்தரவு என்கிறார்கள். எந்தப் படமும் சரியாகக் காட்டாத இன்னொன்று வயிற்றுப்போக்கு. அதற்கு முன் ஹார்ஃப்ளூர் முற்றுகையில் சீதபேதி வந்து படையில் பெரும்பகுதி படுத்துவிட்டது, அஜின்கோரில் நின்றவர்களிலும் பலர் அந்த நோயோடு நடந்து வந்தவர்கள்.

அலெக்சாண்டர் நெவ்ஸ்கியில் பனி உடைந்து வீரர்கள் மூழ்குவது நிஜமா?

பெரும்பாலும் சினிமாவின் வேலை. 1242 ஏப்ரல் 5, பெய்ப்பஸ் ஏரிச் சண்டை நடந்தது உண்மை, ஜெர்மானிய வீரர்கள் ரஷ்யர்களிடம் தோற்றதும் உண்மை. ஆனால் காலத்தால் நெருங்கிய குறிப்புகளில் பனி உடைந்து கூட்டமாக மூழ்கிய செய்தி இல்லை. ஜெர்மானியர் தரப்புச் செய்யுள் வரலாறு, செத்தவர்கள் புல்லில் விழுந்தார்கள் என்கிறது, தங்கள் பக்கம் 20 வீரர்கள் பலி, 6 பேர் சிறை என்கிறது. எதிர்த்தரப்பு ரஷ்ய நகரமான நோவ்கோரோட்டின் குறிப்பு 400 பேர் பலி, 50 பேர் சிறை என்கிறது.

படம் 1938இல், சோவியத் ரஷ்யாவில் ஹிட்லர் பயத்தில் எடுத்தது, ஜெர்மானியக் காலாட்களின் தலைக்கவசத்தைப் பார்த்தாலே யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். அடுத்த வருடம் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் போட்டதும் படத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள், 1941இல் ஜெர்மனி படையெடுத்ததும் மறுபடி எல்லா ஊரிலும் ஓட்டினார்கள். அந்தப் பனிக்காட்சியை எடுத்தது வெயில்காலத்தில், எல்லாம் செயற்கைப் பனி. வரலாறாகப் பலவீனம்தான், ஆனால் புரோகோஃபியெவ் இசையோடு அந்தக் குதிரைப்படை தூரத்திலிருந்து மெதுவாக நெருங்கி வருவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் படங்களில் எதைப் பார்க்கலாம்?

ககேமுஷா (1980). ஜப்பானியப் பிரபு தகேதா ஷிங்கென் 1573இல் இறந்ததும், தன் சாவை மூன்று வருடம் மறைத்து வைக்கும்படி அவர் சொல்லிவிட்டுப் போனதாகத் தகேதா குடும்பத்து வரலாற்று நூல் சொல்கிறது. அதிலிருந்துதான் அவரைப் போலவே இருக்கும் திருடனை உட்காரவைக்கும் கதை வருகிறது, திருடன் கற்பனை. கடைசியில் 1575 நாகஷினோ போர், மரத்தடுப்புக்குப் பின்னால் தகேதாக்களின் எதிரி ஓடா நொபுனாகாவின் துப்பாக்கிக்காரர்கள். மூவாயிரம் துப்பாக்கி, மூன்று வரிசையாக மாறி மாறிச் சுட்டார்கள் என்பது பிற்காலக் கதை என்று இப்போது பலர் சொல்கிறார்கள், தடுப்பும் துப்பாக்கியும் இருந்தது சந்தேகமில்லை. குண்டடி படுவதை குரோசாவா காட்டவே மாட்டார். சத்தம் கேட்கும், பார்க்கும் தளபதிகளின் முகம் தெரியும், பிறகு எழ முயன்று விழும் குதிரைகளை நீண்ட நேரம் காட்டுவார். குதிரைகளின் உயரம் மட்டும் தவறு, அன்றைய ஜப்பானியக் குதிரைகள் நம் ஊர் மட்டக்குதிரை அளவுதான் இருக்கும்.

எல்லாப் படமும் ஏன் சாம்பல் நிறத்தில் அழுக்காக இருக்கிறது?

அழுக்கு என்றால் உண்மை என்று இயக்குநர்கள் நம்புவதால். இடைக்கால மக்களுக்கு நிறம் என்றால் ஆசை. மஞ்சிட்டியின் உறவுச் செடியில் சிவப்பும், அவுரியில் இருக்கும் அதே நீலத்தைத் தரும் வேறொரு ஐரோப்பியச் செடியில் நீலமும் எடுத்தார்கள், சாதாரணக் குடியானவன்கூடச் சாயத்துணி உடுத்தினான். லண்டன் கோட்டையின் வெள்ளைக் கோபுரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே 13ஆம் நூற்றாண்டில் அதற்குச் சுண்ணாம்பு அடித்ததால்தான்.

பொன்னியின் செல்வன் படங்களையும் இதே தராசில் வைப்பீர்களா?

வைக்கலாம், ஆனால் அவை ஒரு நாவலிலிருந்து வந்தவை, நாவலே தன்னைக் கற்பனை கலந்த சரித்திரக் கதையாகத்தான் முன்வைக்கிறது. நந்தினி கற்பனை. வந்தியத்தேவன் கல்வெட்டில் இருக்கிறார், குந்தவையின் கணவராக. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது: சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். அவர்களைத் துரோகிகள் என்றே கல்வெட்டு சொல்கிறது.

எனக்கு இருக்கும் ஆசை வேறு. அதற்குக் கொஞ்சம் முன்னால், 949இல், தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே இறந்தான். கங்க மன்னன் பூதுகன் கையால் விழுந்தான் என்று எதிர்த்தரப்புக் கல்வெட்டே கர்நாடகத்தின் ஆதகூரில் இருக்கிறது, நம் பக்கக் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சினார்' என்று சொல்கின்றன. தோற்ற போரைத் தமிழில் யாராவது நேராக, அதே மரியாதையோடு எடுக்க வேண்டும்.

இதுவரை படமாகாத எந்தப் போரைத் திரையில் பார்க்க ஆசை?

லிங்கன், 1217 மே 20. இங்கிலாந்தின் பாதியைப் பிரெஞ்சு இளவரசர் லூயியின் ஆட்கள் பிடித்திருந்தார்கள், ராஜாவோ ஒன்பது வயதுப் பையன். லிங்கன் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தது நிக்கோலா டி லா ஹே என்ற பெண், அறுபதைத் தாண்டியவர், விதவை. அதற்கு முந்தைய வருடம் அவர் ஜான் ராஜாவிடம் கோட்டைச் சாவியை நீட்டி, எனக்கு வயதாகிவிட்டது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தார், ராஜா நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இப்போது ஊர் முழுக்க எதிரி கையில், கோட்டை மட்டும் அவர் கையில், மாதக்கணக்காகக் கல்லெறி பொறிகள் சுவரை இடிக்கின்றன, அவர் கதவைத் திறக்கவில்லை.

காப்பாற்ற வந்த படையின் தலைவர் வில்லியம் மார்ஷல், கிட்டத்தட்ட எழுபது வயது. தாக்குதல் தொடங்கும் நேரம், கிழவருக்கு இருந்த அவசரத்தில் குதிரையைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு பையன் கத்தினான், ஐயா, தலைக்கவசம் போடவில்லை. அவர் நின்று, வாங்கி மாட்டிக்கொண்டு, அப்புறம் எதிரிக் கூட்டத்துக்குள் குதிரையை விட்டார். சண்டை முடிந்தபோது அந்தத் தலைக்கவசத்தில் அடிபட்ட பள்ளங்கள் இருந்தன.